அன்லிமிடெட் கைப்பேசிக்கு மட்டுமா? மடிக்கணினிக்கு இல்லையா?

ஜார்ஜ்டவுன் கொம்தாருக்குப் பக்கத்தில் இருக்கும் பிராங்கின் மாலில் கைப்பேசிக் கடைகளுக்குக் குறைவில்லை. அண்மையில் உடைந்துபோன திரையை மாற்றக் கொடுத்துவிட்டு அங்கே காத்திருந்தேன். பக்கத்துக் கடையில் ஓர் அம்மா, மகளின் மடிக்கணினியை மேசை மேல் வைத்துக்கொண்டு கடைக்காரப் பையனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, போன்ல யூடியூப் நல்லாத்தான் ஓடுது. லேப்டாப்புக்கு லைன் கொடுத்தா மட்டும் ரெண்டு நாள்ல நின்னு போயிடுது. மாசாமாசம் அன்லிமிடெட்னுதானே காசு கட்டுறேன்?”

“அக்கா, அன்லிமிடெட் போனுக்குத்தான். ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் கணக்கு. அது முடிஞ்சிருச்சு.”

“அத எனக்கு யாரும் சொல்லலையே.”

பையன் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரத்தைக் காட்டினான். ‘அன்லிமிடெட்’ என்ற சொல் தூரத்திலிருந்தே தெரிந்தது. ஹாட்ஸ்பாட் அளவு அடியில் எறும்பு ஊர்வதைப் போல அச்சாகியிருந்தது. நான் கண்ணாடி போட்டும் குனிந்துதான் படிக்க வேண்டியிருந்தது.

அந்தச் சிறிய எழுத்து இன்று நம்மவர்களின் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் படிப்போடு சம்பந்தப்பட்ட விஷயம். கைப்பேசியின் இணையத்தை வைஃபை வழியாகவோ கம்பி வழியாகவோ மடிக்கணினிக்குக் கொடுப்பதைத்தான் ஹாட்ஸ்பாட் என்கிறோம். அப்போது கைப்பேசி ஒரு மோடமாக மாறிவிடுகிறது. வீட்டில் ஃபைபர் இணைப்பு உள்ளவர்களுக்கு இது பயணத்தில் கைகொடுக்கும் வசதி. ஃபைபர் இல்லாத வீட்டில் இதுதான் வீட்டு இணையமே.

இது புதிய வித்தை அல்ல. 1515 என்ற எண்ணைச் சுழற்றி, மோடம் கீச்சிடும் சத்தத்தைக் கேட்டு இணையத்துக்குள் போன காலம் பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பின் நோக்கியா கைப்பேசியைக் கம்பியால் கணினியில் செருகி, *99# என்று அழைத்தால் ஆமை வேகத்தில் பக்கங்கள் திறந்தன. 2010இல் வந்த ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பிலிருந்து ஹாட்ஸ்பாட் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு பொத்தானைத் தட்டினால் போதும் என்றானது.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தனிக் காசு கேட்கத் தொடங்கியதும் ஏறக்குறைய அப்போதுதான். அமெரிக்காவில் ஏடி அண்டு டி நிறுவனம் 2010இல் ஐபோன்காரர்களுக்கு இந்த வசதியைத் திறந்துவிட்டபோது மாதம் 20 டாலர் கூடுதலாகக் கேட்டது. அந்த 20 டாலருக்குக் கூடுதல் டேட்டா எதுவும் கிடையாது. ஏற்கெனவே காசு கட்டி வாங்கிய அதே டேட்டாவை மடிக்கணினியில் பயன்படுத்துவதற்கான அனுமதிக் கட்டணம் அது. நம் நாட்டில் பில்லில் அப்படித் தனி வரி பெரும்பாலும் வருவதில்லை. பல திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்கென்று ஒரு சிறிய அளவு ஒதுக்கப்படுகிறது. அது தீர்ந்தால் வேகம் படுத்துவிடும், அல்லது இணைப்பு நின்றுவிடும்.

“மடிக்கணினியில் பார்ப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?” என்று பலர் கேட்கிறார்கள். ஒரு வழி மிக எளிமையானது. இணையத்தில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் மீதும் ஓர் எண் இருக்கும். வழியில் ஒரு கருவியைக் கடக்கும்போதெல்லாம் அந்த எண்ணில் ஒன்று குறையும். கைப்பேசியிலிருந்து நேரடியாகக் கிளம்பும் பொட்டலம் பொதுவாக 64 என்ற எண்ணோடு கோபுரத்துக்குப் போகும். விண்டோஸ் மடிக்கணினி 128 என்று தொடங்கும். கைப்பேசியைக் கடக்கும்போது அது 127 ஆகிவிடும். 127 வந்தாலே பின்னால் வேறொரு கருவி இருக்கிறது என்று தெரிந்துவிடும். சில கைப்பேசிகள் ஹாட்ஸ்பாட் போக்குவரத்தைத் தனி வாசல் வழியாகவே அனுப்புகின்றன. அந்த வாசலில் எண்ணுவது இன்னும் சுலபம்.

நிறுவனங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு கோபுரத்தின் அலைவரிசையை அந்தப் பகுதியில் உள்ள எல்லாரும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் கையளவுத் திரையில் எவ்வளவு பார்ப்பார் என்று ஒரு சராசரி போட்டுத்தான் ‘அன்லிமிடெட்’ திட்டத்துக்கு விலை வைக்கிறார்கள். ஒரே சிம்மிலிருந்து இரண்டு மடிக்கணினியும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் இழுத்தால் அந்தக் கணக்கு உடையும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் வேகம் குறையும். ஆனால் இந்த வாதம் வரம்பற்ற திட்டத்துக்குத்தான் பொருந்தும். 50 ஜிபி என்று அளந்து விற்ற திட்டத்திலும் ஹாட்ஸ்பாட்டுக்கு இவ்வளவுதான் என்று ஏன் கட்டுப்பாடு? மடிக்கணினியில் செலவானாலும் கைப்பேசியில் செலவானாலும் ஒரு ஜிபி ஒரு ஜிபிதானே. மளிகைக் கடையில் பத்துக் கிலோ அரிசி வாங்கினால், அதில் இரண்டு கிலோதான் விருந்தாளிக்குப் பொங்கலாம் என்று கடைக்காரர் சொல்வதில்லை.

இந்தக் கட்டுப்பாட்டால் அதிகம் அடிபடுகிறவர்கள் யார் என்று பார்த்தால் கதை வேறு பக்கம் திரும்புகிறது.

பெருநிலத்தில் நிபோங் திபால், சுங்கை பாக்காப், வால்டோர் பக்கம் போனால் சாலையோரத் தாமான்களில் ஃபைபர் இருக்கிறது. சாலையை விட்டு உள்ளே, தோட்ட நிலத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு அது எளிதில் போவதில்லை. நிலம் தோட்ட நிறுவனத்துடையது, கம்பம் நட அனுமதி வேண்டும், வீடுகளோ கொஞ்சம். போட்ட காசு திரும்பாது என்று சேவை நிறுவனங்கள் கணக்குப் பார்க்கின்றன. தீவுப் பக்கம் மலிவு விலை அடுக்குமாடிகளில் கதை வேறு. அங்கே கட்டடம் வரை இணைப்பு வந்திருக்கலாம். ஆனால் வாடகைக்கு இருப்பவர் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தயங்குகிறார். அடுத்த வருடம் இதே வீட்டில் இருப்போமா என்பதே அவருக்குத் தெரியாது. பிரிப்பெய்ட் சிம்மில் அந்தத் தொல்லை இல்லை. கையில் காசு இருக்கும்போது டாப்-அப் செய்தால் போதும். பி40 குடும்பம் கைப்பேசியை மோடமாக்குவது அறியாமையால் அல்ல. அவர்கள் வரவு செலவுக்கு அதுதான் ஒத்துவருகிறது.

இந்த வீடுகள் அரசாங்கக் கணக்கில் எப்படித் தெரிகின்றன? புள்ளிவிவரத் துறையின் ஆய்வுப்படி 2020இல் 91.7 விழுக்காட்டு வீடுகளில் இணைய வசதி இருந்தது. 2021இல் அது 95.5 விழுக்காடு. கணினி வசதி உள்ள வீடுகள் அதே காலத்தில் 77.6இலிருந்து 88.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் கடன்பட்டாவது மடிக்கணினி வாங்கிய பெற்றோர்களை இந்த எண்களில் பார்க்கலாம். ஆனால் ‘வீட்டில் இணையம் உண்டு’ என்பதில் கைப்பேசி இணையமும் சேர்ந்துதான் எண்ணப்படுகிறது. நாள் முழுக்க ஃபைபர் ஓடும் வீடும், அப்பா வேலை முடிந்து வந்த பிறகு அவர் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போடும் வீடும் அந்தப் பட்டியலில் ஒரே கோடு.

இரண்டும் ஒன்றல்ல என்பதை நானே அனுபவித்தேன். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் தமிழியல் மாணவன். விடுதியைக் காலி செய்துவிட்டு நிபோங் திபால் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன். மடிக்கணினி இருந்தது, இணையம் இல்லை. அப்பாவின் கைப்பேசியை ஜன்னல் கம்பியில் ரப்பர் வளையத்தால் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு கோடு சிக்னல் வரும். விரிவுரை நடந்துகொண்டிருக்கும்போது சித்தப்பா அழைப்பார், இணையம் அறுந்துவிடும். பழைய கைப்பேசி என்பதால் குரல் அழைப்பும் 4ஜி டேட்டாவும் ஒன்றாக ஓடாது. ‘பேசி முடிச்சிட்டேன்டா’ என்று அப்பா வந்து சொல்லும்போது விரிவுரையாளர் நான்கு பக்கம் தாண்டியிருப்பார். தம்பிக்கும் அதே கைப்பேசியில்தான் இயங்கலை வகுப்பு. யாருக்கு முதலில் என்பதை அம்மா தீர்ப்பளிப்பார். எஸ்பிஎம் எழுதப் போகிறவன் என்பதால் பெரும்பாலும் தம்பிதான் ஜெயிப்பான்.

எங்கள் வீட்டில் மடிக்கணினியாவது இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் கல்வியமைச்சு வெளியிட்ட ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. சபா பித்தாஸில் வேவோனா மொசிபின் என்ற பல்கலைக்கழக மாணவி தேர்வு எழுதுவதற்காக மரத்தில் ஏறி அமர்ந்த காணொலி ஜூன் மாதம் நாடு முழுக்கப் பரவியது. சிக்னல் மரத்துக்கு மேலேதான் இருந்தது. அந்தக் காணொலிக்குப் பிறகுதான் பலரும் இதைப் பேச்சாக எடுத்தார்கள்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரை தினமும் 1 ஜிபி இலவசம் என்று பிரிஹாத்தின் திட்டத்தில் அறிவித்தது. பின்னர் அது 2021க்கும் நீட்டிக்கப்பட்டது. வாங்கிக்கொண்டவர்களில் நானும் ஒருவன், குறை சொல்வது நன்றிகெட்டதனம்தான். ஆனாலும் கணக்கைப் பார்க்க வேண்டும். பலர் சேர்ந்த ஒரு காணொலி வகுப்பு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு ஜிபியைத் தின்றுவிடும். அப்படியானால் அந்த உதவி நாளுக்கு ஒரு பாடத்துக்குத்தான். நேரத்தையும் கவனியுங்கள். மின்னணுத் தொழிற்சாலைகளும் தோட்டங்களும் திறந்த பிறகு அம்மாவும் அப்பாவும் காலையில் வேலைக்குப் போனார்கள், கைப்பேசியும் அவர்களோடு போனது. அது வீடு திரும்பும்போது மணி ஆறைத் தாண்டியிருக்கும். இலவச டேட்டாவின் நேரமும் முடிந்திருக்கும்.

கைப்பேசி மோடமாக இருக்கும் வீட்டின் முதல் சிக்கலே இதுதான். அம்மா வேலைக்குப் போனால் இணையமும் வேலைக்குப் போகிறது. பாயான் லெப்பாஸில் 1972இல் இண்டல் வந்ததிலிருந்து நம் அக்காமார் எத்தனையோ பேர் மின்னணுத் தொழிற்சாலைகளில் உழைத்திருக்கிறார்கள். மகளின் மடிக்கணினிக்குள் இருக்கும் சில்லு அம்மாவின் தொழிற்சாலை வழியாகவே வந்திருக்கலாம். அம்மா இரவு ஷிப்டில் இருக்கும்போது அந்த மடிக்கணினி வெறும் தட்டச்சு இயந்திரம்.

கருவிகள் வந்தன. 2021 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட செர்டிக் திட்டம் 15 கோடி ரிங்கிட் செலவில் 500 பள்ளிகளின் 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாக இருந்தது. கோபுரங்களும் வந்தன. ஜெண்டேலா திட்டம் மக்கள் வசிக்கும் இடங்களில் 4ஜி பரப்பை 91.8இலிருந்து 96.9 விழுக்காட்டுக்கு உயர்த்த இலக்கு வைத்தது. 2021 முடிவில் 3ஜி நிறுத்தப்பட்டது. அதனால் வீட்டு மூலையில் மோடமாகக் கிடந்த பல பழைய கைப்பேசிகளும் ஓய்வு பெற்றன. 2023இல் பெர்பாடுவான் இணையத் திட்டங்கள் வந்தன: பிரிப்பெய்டில் 30 ரிங்கிட்டுக்கு ஆறு மாதம், 30 ஜிபி, வீட்டு ஃபைபருக்கு மாதம் 69 ரிங்கிட். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 30 ஜிபியை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 5 ஜிபி. வாட்ஸ்அப்புக்கும் பேங்க் வேலைக்கும் தாராளம். மடிக்கணினியில் வாரம் இரண்டு காணொலி வகுப்பு என்றால் மாதக் கடைசிக்கு வராது. 69 ரிங்கிட் திட்டம் உண்மையில் மலிவு, ஆனால் ஃபைபர் வாசலுக்கு வந்தவர்களுக்குத்தான். கம்பி போகாத வீட்டுக்கு மிஞ்சுவது மீண்டும் கைப்பேசிதான், அதன் ஹாட்ஸ்பாட் அளவுதான்.

ஹாட்ஸ்பாட் கட்டுப்பாட்டை மற்ற நாடுகளில் சட்டம் எப்படிப் பார்த்தது? அமெரிக்காவில் வெரைசன் நிறுவனம், ஹாட்ஸ்பாட் செயலிகளைத் தன் வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்காமல் செய்யும்படி கூகுளைக் கேட்டுக்கொண்டதற்காக 2012இல் 12.5 இலட்சம் டாலர் செலுத்த வேண்டி வந்தது. அந்நிறுவனம் ஏலத்தில் எடுத்த அலைவரிசையின் நிபந்தனையிலேயே, பயனர் விரும்பும் கருவியையும் செயலியையும் தடுக்கக்கூடாது என்று எழுதியிருந்தது. அலைவரிசை பொதுச் சொத்து, அதை வாங்குபவருக்கு நிபந்தனை போடலாம் என்பதே அதன் அடிப்படை.

நமக்கு இன்னும் நெருக்கமானது ஜெர்மனி வழக்கு. அங்கே வோடஃபோன், சில செயலிகளைப் பார்த்தால் டேட்டா கழியாது என்று ஒரு ‘பாஸ்’ விற்றது. அதையே ஹாட்ஸ்பாட் வழியாக மடிக்கணினியில் பார்த்தால் டேட்டா கழியும். நம் ஊரில் விற்கப்படும் காணொலிப் பாஸ்களை நினைவூட்டவில்லையா? ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 செப்டம்பர் 2ஆம் நாள், இப்படிப்பட்ட திட்டமே திறந்த இணையச் சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. எந்தச் செயலி என்று பார்த்து ஒரு போக்குவரத்துக்குச் சலுகை கொடுத்து இன்னொன்றை வேறு மாதிரி நடத்தக்கூடாது என்பது நீதிமன்றத்தின் பார்வை. வழக்கைக் கொண்டு போனது அரசாங்கம் அல்ல, ஜெர்மனியின் பயனீட்டாளர் சங்கங்களின் சம்மேளனம்.

பினாங்கில் இதைப் படிக்கும்போது, ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் நினைவு வராமல் இருக்காது. காலஞ்சென்ற எஸ்.எம். முகமது இட்ரிஸ் தலைமையில் உணவிலும் மருந்திலும் எழுத்துச் சிறிதாக இருந்தாலே கேள்வி கேட்ட சங்கம் அது. உணவுப் பொட்டலத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும் என்பதை இன்று யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. கைப்பேசித் திட்டத்திலும் அப்படி ஒன்றைக் கேட்கலாம். ‘அன்லிமிடெட்’ எந்த அளவில் அச்சாகிறதோ அதே அளவில் ஹாட்ஸ்பாட் எத்தனை ஜிபி என்பதும் அச்சாக வேண்டும். இதற்குப் புதிய கோபுரம் வேண்டாம், புதிய மானியம் வேண்டாம். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் ஓர் உத்தரவு போட்டால் போதும். அளந்து விற்கும் திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி எல்லை கூடாது என்பதை அடுத்து கேட்கலாம். முதலாவதே நடந்தால் பாதிப் பேரின் ஏமாற்றம் குறையும்.

பள்ளிகளிலும் ஒன்று மாற வேண்டும். பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளிலும் பெற்றோரிடம் ‘வீட்டில் இணையம் இருக்கிறதா?’ என்று கேட்டால் பெரும்பாலோர் ‘இருக்கிறது’ என்றே சொல்வார்கள், அதில் பொய்யும் இல்லை. ‘ஃபைபரா, கைப்பேசியா? கைப்பேசி என்றால் மத்தியானம் மூன்று மணிக்கு அது யார் கையில் இருக்கும்?’ என்று கேட்டால்தான் ஆசிரியருக்கு உண்மை நிலை தெரியும். வீட்டுப் பாடத்தைக் காணொலியாக அனுப்புவதா, அச்சிட்டுக் கொடுப்பதா என்பதை அந்தப் பதிலை வைத்து முடிவு செய்யலாம்.

சட்டம் மாறும்வரை வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. மடிக்கணினியில் விண்டோஸ் இருந்தால், கைப்பேசியின் வைஃபை பெயரைத் திறந்து ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’ என்பதை இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் கணினி தன் புதுப்பிப்புகளைக் கேட்காமலே இறக்கிக்கொள்ளும். மாத ஹாட்ஸ்பாட் அளவு ஒரே இரவில் போவதற்குப் பல வீடுகளில் பிள்ளைகள் காரணமல்ல, இந்தப் புதுப்பிப்புதான். பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் செருகி ‘யூஎஸ்பி டெதரிங்’ போட்டால் வைஃபையைவிட நிலையாக இருக்கும், கைப்பேசிக்கும் சார்ஜ் ஏறும். வீட்டில் ஒரு பழைய 4ஜி கைப்பேசி சும்மா கிடந்தால் அதற்கென்று ஒரு மலிவு சிம் போட்டு, சிக்னல் நன்றாக வரும் ஜன்னலோரம் நிரந்தரமாக வைக்கலாம். அப்போது அம்மா வேலைக்குப் போனாலும் இணையம் வீட்டில் இருக்கும். பெரிய கோப்புகளை இறக்க வேண்டியிருந்தால் அருகில் உள்ள நாடி மையத்துக்குப் போகலாம். முன்பு இணைய மையம், பிறகு பெடி என்று பெயர் மாறி வந்த அதே இடம்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால், சிம் வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஹாட்ஸ்பாட் எத்தனை ஜிபி? அது தீர்ந்தால் வேகம் குறையுமா, நின்றுவிடுமா? பாஸ் வாங்கினால் அது மடிக்கணினியிலும் செல்லுமா? பதில் தெளிவாக இல்லையென்றால் பக்கத்துக் கடைக்குப் போங்கள். பிராங்கினில் அதற்குப் பஞ்சமில்லை.

அன்றைக்கு அந்த அம்மாவும் அதைத்தான் செய்தார். இரண்டு கடை தள்ளி வேறொரு திட்டத்தை விசாரித்துவிட்டு, திரும்பி அதே பையனிடம் வந்தார். மாதம் பன்னிரண்டு வெள்ளி கூடுதலாகக் கட்டும் திட்டத்துக்கு மாற ஒப்புக்கொண்டார். காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன், “ஹாட்ஸ்பாட் எத்தனைன்னு இதுல எழுதிக் கொடுப்பா” என்று ரசீதை நீட்டினார். பையன் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தான். அவன் எழுதியதை அவர் மகளுக்குக் காட்ட, மகள் குனிந்து படித்துவிட்டுத் தலையாட்டினாள்.